கேட்பு, வசூல், நிலுவை: வீட்டுவரி ஏன் ஏறுகிறது?

உள்ளாட்சி அலுவலகங்களில் வீட்டுவரிக்கென்று ஒரு பதிவேடு இருக்கிறது. கேட்பு, வசூல், நிலுவை என்று மூன்று கட்டங்கள். இந்த அரையாண்டுக்கு நம்மிடம் எவ்வளவு கேட்கிறார்கள் என்பது கேட்பு. நாம் கட்டியது வசூல். கட்டாமல் நிற்பது நிலுவை. தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு இம்மாதிரிச் சொற்களில் கால் இடறும். கேட்பது என்றால் ஒன்றைத் தரச்சொல்லிக் கேட்பதும் ஆகும், காதுகொடுத்துக் கேட்பதும் ஆகும். பதிவேடு முதல் பொருளை எடுத்துக்கொண்டு இரண்டாவதைக் கழித்துவிட்டது. வரி ஏன் ஏறுகிறது என்று விளக்கப் புகுகிற இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது கடைசியில் இந்தக் கழிவைப் பற்றித்தான். ஆனால் கணக்கைச் சொல்லாமல் அங்கே போய்ச் சேர முடியாது. சிறுபத்திரிகைக்காரர்கள் அதிகாரம் என்ற சொல்லை எழுதிய அளவுக்கு அது கொடுக்கிற ரசீதுகளைப் படித்ததில்லை என்பது என் அபிப்பிராயம்.

செம்பரம்பாக்கத்தில் டீக்கடையில் உட்கார்ந்தால் இதற்கு மூன்று விளக்கங்கள் கிடைக்கும். "மெட்ரோ வரப்போவுது சார், அதான் இப்பவே ஏத்துறாங்க" என்பது ஒன்று. பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பரந்தூர் வரை மெட்ரோவை நீட்டும் திட்டத்தை மனதில் வைத்துச் சொல்வது இது. "கைட்லைன் வேல்யூ ஏறிடுச்சு, வரி ஏறாம என்ன பண்ணும்" என்பது இரண்டாவது. "கம்பெனிக்காரனுக்கெல்லாம் சலுகை, அவன் கட்டாததை நம்ம தலையில கட்டுறாங்க" என்பது மூன்றாவது. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது; மூன்றும் காரணத்தைத் தொடவில்லை.

இரண்டாவதை முதலில் தள்ளிவிடலாம். வழிகாட்டி மதிப்பு என்பது பத்திரப்பதிவுக்கானது. 2017 ஜூனில் தமிழ்நாடு முழுக்க அதை 33 சதவீதம் குறைத்தார்கள். 2023-இல் குறைத்ததைத் திரும்ப ஏற்றினார்கள். வீட்டுவரி அதைப் பிடித்துக்கொண்டு போகிறது என்றால் 2017-இல் நம் வரியும் மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருக்க வேண்டுமே. இறங்கியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

வீட்டுவரி வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டு போகிறது. நகராட்சி, மாநகராட்சிகளில் அதற்கு அடிப்படை வீட்டின் விலை கிடையாது, 'ஆண்டு மதிப்பு'. 1920-ஆம் வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டம் அதை இப்படி வரையறுத்தது: அந்தக் கட்டடத்தை வாடகைக்கு விட்டால் நியாயமாக என்ன வாடகை எதிர்பார்க்கலாமோ, அதில் கட்டடத்துக்குரிய பங்கில் பழுதுபார்ப்புச் செலவென்று நூற்றுக்குப் பத்தைக் கழித்தது போக மிச்சம். இந்த வாக்கியத்தில் எல்லாம் 'விட்டால்' என்ற ஒரு எச்சத்தில் தொங்குகிறது. நீங்கள் வாடகைக்கு விட்டிருக்க வேண்டியதில்லை, விடுகிற எண்ணமே இல்லாமலிருக்கலாம், உங்கள் தாத்தா கட்டிய வீட்டில் நீங்களே குடியிருக்கலாம். சட்டம் உங்களைக் கற்பனையாக வெளியே அனுப்பிவிட்டு ஒரு கற்பனைக் குடித்தனக்காரரை உள்ளே வைக்கிறது. அவர் தரக்கூடிய வாடகையைக் கணக்கிட்டு அதன்மேல் உங்களிடம் வரி கேட்கிறது. இந்தக் குடித்தனக்காரர் இங்கிலாந்திலிருந்து வந்தவர். ஏழைகளைப் பராமரிக்க அங்கே ஊர்தோறும் வசூலித்த வரிக்காக 1836-இல் போட்ட மதிப்பீட்டுச் சட்டத்திலேயே ஏறக்குறைய இதே வாசகத்தில் இருக்கிறார். கதை எழுதுகிறவர்கள் பொறாமைப்படும்படியான பாத்திரம். ஒரு பக்கம்கூட எழுதாமல் லட்சக்கணக்கான வீடுகளில் குடியேறியிருக்கிறார்.

நடைமுறையில் பில் கலெக்டர் வீடு வீடாகப் போய் வாடகையை விசாரிப்பதில்லை. தெருக்களை மண்டலங்களாகப் பிரித்து, குடியிருப்புக்குச் சதுர அடிக்கு இவ்வளவு, கடைக்கு இவ்வளவு என்று ஒரு அடிப்படை மதிப்பு வைத்து, பரப்பால் பெருக்கி, கட்டடத்தின் வயசுக்குக் கொஞ்சம் கழித்து எடுக்கிறார்கள். ஆனால் அந்த அடிப்படை மதிப்புக்குள் மறைந்திருப்பது அந்தக் குடித்தனக்காரர்தான். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் செய்ய ஆரம்பித்ததும், 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்ததும் (2014-இல் மூடிக்கொண்டு போனதும்), 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் வந்ததும் இந்தச் சாலை நெடுக வாடகையை ஏற்றின. ஒருவர் எந்தக் கம்பெனி வாசலையும் மிதிக்காமல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாலும், அவர் வீட்டுக்குள் சட்டம் குடிவைத்திருக்கிற ஆளின் சம்பளம் ஏறிவிட்டது.

அப்படியானால் வாடகை ஏற ஏற வரியும் படிப்படியாக ஏறியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. நடந்தது என்ன என்பதைத் தேதிகளோடு வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

சொத்துவரியை ஐந்து வருஷத்துக்கொரு முறை பொதுச்சீராய்வு செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. சென்னையில் 1998-இல் செய்தார்கள். மற்ற நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் 2008-இல் செய்தார்கள். அதற்குப் பிறகு ஒரு நீண்ட மௌனம். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இந்த மௌனத்தில் மட்டும் ஒற்றுமை. 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்கள் உட்கார்ந்தார்கள். அவர்கள் காலத்தில்தான், 2018 ஜூலையில், அறிவிப்பு வந்தது: சொந்தமாகக் குடியிருந்தால் 50 சதவீதம் வரை, வாடகைக்கு விட்ட வீடென்றால் 100 சதவீதம் வரை, குடியிருப்பல்லாத கட்டடங்களுக்கும் 100 சதவீதம் வரை. அடுத்த வருஷம் நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் வாசலில் வந்து நிற்கையில், அதே உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. ஏற்கெனவே கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்தடுத்த அரையாண்டுகளில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். 2022 பிப்ரவரி 19-இல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 22-இல் எண்ணினார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் வரி ஏறியது. நாற்பது நாள்கூட முழுசாக ஆகவில்லை.

இந்தத் தேதிகளுக்குப் பக்கத்தில் நான் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. ஓட்டு இல்லாத காலத்தில் ஏறுகிறது, ஓட்டு வருகையில் இறங்குகிறது, ஓட்டுப் போட்டு முடித்த ஈரம் காயுமுன் மறுபடி ஏறுகிறது. பொருளாதாரக் காரணம் இருபது வருஷமாகக் கூடிக்கொண்டே வந்திருக்கலாம். ஏறுகிற நாளைக் குறித்துக் கொடுத்தது அது இல்லை.

பிசிராந்தையார் அறிவுடை நம்பிக்குப் பாடிய புறநானூற்றுப் பாட்டை வரி என்றதும் எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். 2019 ஜூலையில் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட் உரையிலேயே அதை எடுத்தாண்டார். நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும், யானையையே வயலில் விட்டால் தின்பதைவிட மிதிப்பது அதிகம் என்பது அதன் கருத்து. நம் கதை பாட்டுக்குள் அடங்கவில்லை. இங்கே இருபது வருஷம் யானையைக் கட்டிப்போட்டு வைத்திருந்து, பசியோடு ஒரே நாளில் அவிழ்த்துவிட்டார்கள்.

2022 ஏற்பாட்டைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பற்றித்தான் குழப்பம் அதிகம். சென்னையின் பழைய பகுதி நீங்கலாக, மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் குடியிருப்புகளுக்கு வைத்த அளவு இது: 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601-இலிருந்து 1200 வரை 50, 1201-இலிருந்து 1800 வரை 75, அதற்கு மேல் 100. சென்னையின் பழைய பகுதிக்கு இதே நான்கு படிகளில் 50, 75, 100, 150. சின்ன வீட்டுக்குக் குறைவு, பெரிய வீட்டுக்கு அதிகம் என்ற அளவில் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் இரண்டு விஷயங்கள். ஒன்று, படியைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டுமின்றி மொத்தத்துக்கும் புது சதவீதம். 1200 சதுர அடி வீட்டுக்கு அரையாண்டு வரி 1000 ரூபாய் என்று வெச்சுக்குங்க. அது 1500 ஆகும். பக்கத்து வீடு 1201 சதுர அடி, அதே 1000 ரூபாய். அது 1750 ஆகும். ஒரு சதுர அடிக்கு 250 ரூபாய். அளக்கிறவர் நாடாவை எங்கே பிடித்தார் என்பது அவ்வளவு பெரிய விஷயமாகிவிடுகிறது.

இரண்டாவது இன்னும் முக்கியம். இந்தச் சதவீதங்களைப் பழைய வரியின்மேல் போட்டார்கள். வீடுகளைப் புதிதாக மதிப்பிடவில்லை. எப்போதோ செல்வாக்கால் குறைத்துப் போடப்பட்ட வீடு குறைந்த தொகையின்மேல் 50 சதவீதம் கட்டுகிறது. நேற்று முறையாக மதிப்பிட்டுச் சேர்த்த வீடு கூடிய தொகையின்மேல் 50 சதவீதம் கட்டுகிறது. பழைய அநியாயம் அதே விகிதத்தில் வளர்ந்து நிற்கிறது. சதவீதம் எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதால் சமத்துவம் மாதிரித் தோற்றம் தருகிறது. இடையில் ஒரு சிறு தகவல்: சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி, 1948-ஆம் வருஷத்துப் பொது நூலகச் சட்டத்தின்படி. வீட்டுவரி ஏறினால் அதுவும் கூடவே ஏறும். வசூலித்த அந்தப் பணத்தை உள்ளாட்சிகள் நூலகத்துறைக்கு ஒப்படைக்காமல் நிலுவை வைப்பது பழைய கதை. சிறுபத்திரிகைகளுக்குச் சந்தா கட்ட நூலகங்களிடம் காசு இருப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

2022-இல் ஏன் ஏற்றித்தான் தீர வேண்டியிருந்தது என்பதற்கு அரசு ஒரு காரணம் சொன்னது. அது பொய்யில்லை. என்.கே. சிங் தலைமையிலான 15-ஆவது நிதிக்குழு, 2021–26 காலத்துக்கு நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 1,21,055 கோடி ரூபாய் மானியம் பரிந்துரைத்தது. அதைத் தொட வேண்டுமானால் மாநிலங்கள் சொத்துவரிக்கு ஒரு அடிமட்ட விகிதத்தை அறிவிக்க வேண்டும். அதன்பின் மாநிலத்தின் உற்பத்தி வளர்ச்சி வேகத்துக்கு ஈடாகச் சொத்துவரி வசூலும் வளர வேண்டும். இந்த நிபந்தனையிலிருந்து பிறந்ததுதான் அடுத்த கட்டம்: ஆண்டுதோறும் 6 சதவீதம், அல்லது மாநில உற்பத்தியின் ஐந்தாண்டுச் சராசரி வளர்ச்சி, இரண்டில் எது அதிகமோ அது. 2024 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் 6 சதவீதத்துக்குத் தீர்மானம் போட்டது. இந்த 6 தவறாமல் தொடர்ந்தால் பன்னிரண்டு வருஷத்தில் வரி இரட்டிப்பாகும்.

ஒரு விதத்தில் இது இருபது வருஷப் பட்டினிக்கும் திடீர்ப் பாய்ச்சலுக்கும் மருந்து. வருஷா வருஷம் கவளம் கவளமாகக் கொடுத்துவிடுவது. நிர்வாகிகள் இதைச் சீர்திருத்தம் என்கிறார்கள், கணக்காகப் பார்த்தால் மறுக்க முடியாது. எனக்கு உறுத்துவது வேறு. மன்றம் இனி தீர்மானிக்க ஒன்றுமில்லை, சூத்திரம் தீர்மானிக்கும். கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் உற்பத்தி கூடினால் அந்தச் சராசரி வழியாகக் குன்றத்தூரில் ஒரு ஓய்வூதியக்காரரின் வரி ஏறும். யாரிடம் போய்க் கேட்பது? கவுன்சிலர் 'சட்டம்ப்பா' என்பார். சென்னைக் கோட்டையில் 'டெல்லி நிபந்தனை' என்பார்கள். டெல்லியில் 'பரிந்துரைதான், ஏற்பது மாநிலம்' என்பார்கள். ஒவ்வொருவர் சொல்வதும் சரியாகவே இருக்கும். அதிகாரம் ஒரு மையத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துத் தேடினால் கிடைக்காது என்று ஃபூக்கோவை வைத்து நாம் எழுதி எழுதிக் களைத்ததை ஒரு வரிச்சீட்டு சுலபமாக நடத்திக் காட்டுகிறது.

மறுமதிப்பீட்டுக்குப் பயப்படுவது தமிழ்நாட்டுக்கு மட்டும் வந்த நோய் என்று நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் இன்றும் வீட்டுவரி 1991 ஏப்ரல் விலையை வைத்துத்தான் போடப்படுகிறது. அதற்கு முந்தின வருஷம் தலைவரிக்கு எதிராக லண்டனில் நடந்த கலவரம் ஆள்பவர்களுக்கு மறக்கவில்லை. கலிஃபோர்னியாவில் 1978-இல் மக்களே ஓட்டுப் போட்டு, விற்காமல் வைத்திருக்கிற வீட்டின் மதிப்பை வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று பூட்டினார்கள். பழைய வீட்டுக்காரர் கொஞ்சமும் புதிதாக வாங்கியவர் பல மடங்கும் கட்டுகிற விசித்திரம் அங்கே வந்தது. அதன் பலாபலன் எப்படியிருந்தாலும் அங்கே பூட்டைப் போட்டவர்கள் யாரென்று தெரியும்.

இப்போது டீக்கடையின் மூன்றாவது விளக்கத்துக்கு வருகிறேன், கம்பெனிகளைப் பற்றியது. ஊராட்சிச் சட்டத்தின்படி ஆலைக் கட்டடமும் வரிக்கு உட்பட்டதுதான். சிக்கல் அது எந்த எல்லைக்குள் நிற்கிறது என்பதில். ஆலை இருங்காட்டுக்கோட்டையில் நின்றால் கட்டடவரி அந்த ஊராட்சிக்குத்தான் போகும். அதில் வேலை செய்கிறவர் செம்பரம்பாக்கத்திலோ நசரத்பேட்டையிலோ படுத்துறங்குவார். அவர் போடுகிற குப்பை, குடிக்கிற தண்ணீர், தெருவிளக்கு, சாக்கடை எல்லாம் இந்த ஊர்களின் செலவு. ஆலை தரும் பெரிய வரியான ஜிஎஸ்டியோ இன்னும் தூரம் போகிறது. அது பொருள் நுகரப்படும் இடத்துக்குரிய வரி. இங்கே செய்த கார் பாட்னாவில் விற்றால் மாநிலப் பங்கு பீகாருக்கு. மாநிலம் தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தருகிறது, வாஸ்தவம்தான். ஆனால் செலவு இங்கே நேரடியாக வருகிறது, வரவு பல கை மாறி வருகிறது. உள்ளூராட்சி தானே கைநீட்டி எடுக்கக்கூடிய பெரிய வரி ஒன்றே ஒன்று: வீடு. ஆகவே வளர்ச்சியின் சில்லறைச் செலவு வீட்டின்மேல் விழுகிறது.

எங்கள் ஊரில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கே எல்லாவற்றையும்விடப் பெரிய சொத்து ஏரி. நிறைந்தால் 24 அடி, 3645 மில்லியன் கன அடி. சென்னை குடிக்கிறது. ஏரிக்கு வீட்டுவரி கிடையாது.

காலி மனைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் நட்டுவைத்த கற்களோடு கிடக்கிற மனைகள் எத்தனை! வாங்கினவர் எங்கோ இருக்கிறார். விலை தானாக ஏறிக்கொண்டிருக்கிறது. நிலத்தின் மதிப்பைக் கூட்டியது அதன் உடைமையாளரின் உழைப்பு அல்ல, சுற்றிலும் வந்த சாலையும் ஆலையும் ஜனமும். ஆகவே அந்தக் கூடுதலைச் சமூகம் வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஹென்றி ஜார்ஜ் 1879-லேயே எழுதினார். நம் முறை தலைகீழ். வெயில் மழைக்கு ஒதுங்க ஒரு தளம் போட்டவர் கேட்புக்குள் வருகிறார்; போடாமல் காத்திருக்கிறவர் ஊராட்சி எல்லைக்குள் பெரும்பாலும் தப்பிக்கிறார். நகராட்சியில் காலிமனை வரி உண்டு, ஆனால் அடுத்த வீட்டின் சொத்துவரியோடு ஒப்பிட்டால் அது சொற்பம். நிலத்தைச் சும்மா போட்டு வைத்திருப்பதற்கு நாம் கொடுக்கிற சன்மானம் என்று இதைச் சொல்லலாம்.

ஊராட்சியாகவே வளர்ந்த செம்பரம்பாக்கத்தில் வரியின் கணக்கு இதுவரை சொன்னதிலிருந்து வேறு. 1994-ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் அதற்குப் பெயரே வீட்டுவரி. கூரை, ஓடு, தளம் என்று வீட்டின் வகையையும் பரப்பையும் பார்த்துப் போடுவது வழக்கம். அங்கே கற்பனைக் குடித்தனக்காரர் இன்னும் குடியேறவில்லை. அவர் வருவது ஊராட்சி நகராட்சியாகும் அன்றைக்கு. சுற்றியுள்ள ஊர்களில் அது ஏற்கெனவே நடந்துவிட்டது. 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியானது, குன்றத்தூரும் மாங்காடும் நகராட்சிகளாயின. எல்லை நகர்ந்தால் வீடு நகராமலே வரி நகர்கிறது. 2025 ஜனவரியில் ஏராளமான ஊராட்சிகளை நகரங்களோடு இணைக்கும் அறிவிப்புகள் வந்தபோது பல இடங்களில் மக்கள் மறித்தார்கள். நூறு நாள் வேலை போய்விடும் என்பது ஒரு பயம், வீட்டுவரி ஏறும் என்பது மற்றது. இரண்டும் நியாயமான பயங்கள். அதே மாதம் 5-ஆம் தேதியோடு திருவள்ளூர் உட்பட 28 மாவட்டங்களின் ஊராட்சி மன்றங்களுடைய பதவிக்காலம் முடிந்தது. தனி அலுவலர்கள் வந்தார்கள். இணைவதா வேண்டாமா என்று தீர்மானம் போட வேண்டிய மன்றம், கேள்வி வந்த மாதத்தில் இல்லாமல் போயிற்று.

தொகையை மட்டும் பார்த்தால் இந்தக் கோபம் விளங்காது. பல வீடுகளில் அரையாண்டு வரி ஒரு மாதக் கைபேசி ரீசார்ஜை ஒட்டித்தான் வருகிறது. சோப்பிலும் பிஸ்கட்டிலும் நாம் கட்டுகிற வரி இதைவிடப் பல மடங்கு, ஆனால் அது விலைக்குள் ஒளிந்துகொண்டு வருகிறது. வீட்டுவரி மட்டும் பெயர் சொல்லி, கதவு எண் சொல்லி, வாசலில் வந்து கேட்கிறது. பதிலுக்கு நாமும் ஒன்று கேட்கத் தோன்றுவது இயற்கை: "ஏன்யா, தெருவுல லைட் எரியலையே?" நேரடி வரிக்கு இருக்கிற ஜனநாயகக் குணம் இதுதான்.

வரி கட்டுவதற்கும் பேசுவதற்கும் உள்ள இந்த உறவு இந்த மண்ணில் பழையது, அழுக்கானதும்கூட. இதே காஞ்சிப் பகுதியில், உத்திரமேரூரில், பராந்தகன் காலத்துக் கல்வெட்டு (919, 921) வாரியத்துக்கு யாரைக் குடவோலையில் எழுதலாம் என்று விதிக்கிறது: கால் வேலிக்கு மேல் இறை கட்டுகிற நிலம் இருக்க வேண்டும், தன் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். ஜனநாயகம் என்று மேடைகளில் முழங்கும்போது இந்த இரண்டு நிபந்தனைகளை விட்டுவிடுகிறார்கள். இறை கட்டாதவருக்கும் மனை இல்லாதவருக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. மனை யாருக்கு இல்லை என்பதை ஆயிரம் வருஷம் கழித்து இன்னொரு ஆவணம் சொல்கிறது. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு எழுதிய குறிப்பில், அவர்கள் குடியிருக்கும் மனைகூட மிராசுதார்களுடையதாக இருப்பதையும், வாய் திறந்தால் குடிசையிலிருந்து விரட்டுவோம் என்ற மிரட்டலே அவர்களைக் கட்டிப்போட்டிருப்பதையும் பதிவு செய்தார். பஞ்சமி நிலம் பற்றிய 1892 ஆணை அதன் தொடர்ச்சி.

இதை வைத்துப் பார்த்தால்தான் இன்னொரு காட்சி புரியும். வரி ஏறுகிறதென்று ஒரு சாரார் கொதிக்கையில், இன்னொரு சாரார் எங்கள் வீட்டுக்கும் வரி போடுங்கள் என்று மனுவோடு நிற்கிறார்கள். புறம்போக்கில் இருப்பவர்கள். பட்டா இல்லை. வீட்டுவரி ரசீது ஒன்று கைக்கு வந்தால் மின் இணைப்புக்கு ஆதாரம், ரேஷன் அட்டைக்கு ஆதாரம், நாளைக்கு இடிக்க வந்தால் 'இத்தனை வருஷமா இருக்கோம்' என்று காட்ட ஒரு தாள். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா முப்பது வருஷத்து ரசீதுகளை மஞ்சள் பையில் போட்டு அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறார். "பணம் போனா போவுது தம்பி, இது போனா நாம யாருன்னு கேப்பான்" என்றார். அந்த ரசீது நிலத்தில் எந்த உரிமையும் தராது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்குக் குடும்பங்களை ஏற்றி அனுப்பியபோது எத்தனையோ மஞ்சள் பைகளும் கூடப் போயிருக்கும். அரசு அவர்களிடம் வரி கேட்டது, கட்டியதை வாங்கிக்கொண்டது. காலி செய் என்றபோது அந்தக் கணக்கு எதையும் நினைவில் வைத்திருக்கவில்லை.

அசல் குடித்தனக்காரர் ஒருவர் மிச்சமிருக்கிறார். வரிசையாகக் கட்டிய பத்துக்குப் பத்து அறைகளில் நான்கைந்து பேராகத் தங்கி ஷிப்டுக்குப் போகிற ஒடியாக்காரர், பீகார்க்காரர், கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பையன். நிலத்தை விற்ற காசில் இந்த அறைகளைக் கட்டிய உள்ளூர்க்காரரின் பெயரில் கேட்பு வருகிறது. அவர் அதை வாடகையில் ஏற்றுகிறார். 'நான் மட்டும் எங்க போவேன்' என்கிறார். வரி கடைசியில் இறங்குகிற இடம் இந்த அறைதான். ஆனால் சீட்டில் அறைக்காரரின் பெயர் இல்லை. வாக்காளர் பட்டியலிலும் பெரும்பாலும் இல்லை. சட்டத்தின் கற்பனையில் வருகிற குடித்தனக்காரர் நியாயமான வாடகைக்குப் பேரம் பேசுகிற மனிதர். இவர் பேரம் பேசி நான் பார்த்ததில்லை.

பழைய சட்டத்தில் ஒரு ஏற்பாடு இருந்தது, அதைச் சொல்லி முடிக்கிறேன். மதிப்பீடு தப்பு என்று தோன்றினால் முதலில் சீராய்வு மனு, அதிலும் தீராவிட்டால் மன்ற உறுப்பினர்கள் அடங்கிய வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு. வரி கேட்டவர்களே நம் பேச்சையும் கேட்க உட்காரும் இடம். 2018 உயர்வின்போது அந்த நாற்காலிகளில் உட்கார உறுப்பினர்களே இல்லை. இன்றும் முறையீட்டு வழிகள் இருக்கின்றன, பயன்படுத்துகிறவர்கள் குறைவு. ஆகவே புதுச் சீட்டு வந்தால் மொத்தத் தொகையைப் பார்த்துத் திட்டுவதற்கு முன்னால் நான்கு விஷயங்களைப் பாருங்கள்: பரப்பு எவ்வளவு போட்டிருக்கிறார்கள், குடியிருப்பா கடையா என்று எதில் சேர்த்திருக்கிறார்கள், கட்டடத்தின் வயசு என்ன போட்டிருக்கிறார்கள், உங்கள் தெரு எந்த மண்டலத்தில் இருக்கிறது. 600, 1200, 1800 என்ற எண்களுக்குக் கொஞ்சம் மேலே நின்றால் அளவை மறுபடி எடுக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். மனுவைக் கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால்தான் கொடுப்பார்கள்.